குதிரைக்கு வயிறு வலிச்சா: டாக்டர் வர்றதுக்கு முன்னாடி அந்த ஒரு மணி நேரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

நாய், பூனை, மீன் தொட்டின்னு எல்லாம் பேசியாச்சு. இந்த வாரம் வந்திருக்கிற கேள்வி சைஸ்ல பெருசு. ஒரு நேயர் எழுதியிருக்காங்க: "நானும் என் தங்கச்சியும் சேர்ந்து போன வருஷம் ஒரு குதிரை வாங்கினோம். ஊருக்கு வெளியில ஒரு லாயத்துல விட்டிருக்கோம். வாரத்துக்கு மூணு நாள்தான் போக முடியுது. ராத்திரி பத்து மணிக்கு, குதிரை தீனி எடுக்கல, வயித்து வலி மாதிரி இருக்குன்னு போன் வந்தா என்ன பண்றது? ஓமத் தண்ணி குடுக்கச் சொல்லலாமா?"

முதல்ல பதிலைச் சொல்லிடறேன், விளக்கம் அப்புறம். ஓமத் தண்ணி வேண்டாம். வாய் வழியா எதுவுமே வேண்டாம். தீனியை எடுத்துடுங்க, டாக்டருக்கு போன் பண்ணுங்க, அவர் வர்ற வரைக்கும் குதிரையைக் கவனிச்சு எழுதி வைங்க. குதிரைக்கு வயிறு வலிக்கும்போது நம்ம வேலை வைத்தியம் பாக்கறது இல்ல, சரியாப் பாத்து சரியாச் சொல்றது. ஏன்னு இப்ப பாப்போம்.

கோலிக்னா என்ன?

குதிரைக்கு வர்ற வயிற்று வலிக்கு டாக்டர்கள் சொல்ற பேரு 'கோலிக்'. வயிற்றைப் பிசையற வலிக்கு நம்ம ஊர்ல 'சூலை'ன்னு பழைய வார்த்தை ஒண்ணு இருக்கே, கிட்டத்தட்ட அதுதான். ஆனா ஒரு விஷயத்தை ஞாபகம் வைங்க: கோலிக் ஒரு நோயோட பேரு கிடையாது. அது ஒரு அறிகுறி. நமக்குத் தலைவலி வந்தா தூக்கம் கெட்டதாலயும் இருக்கலாம், பெரிய பிரச்சினையாவும் இருக்கலாம் இல்லையா, அது மாதிரி.

குடல்ல வாயு சேர்ந்தாலும் கோலிக்தான். குடல் தசை இழுத்துப் பிடிச்சாலும் கோலிக்தான். தீனி காய்ஞ்சு அடைச்சாலும், மணல் சேர்ந்தாலும், குடலே முறுக்கிக்கிட்டாலும் அதே பேருதான். முதல் ரெண்டும் பல நேரம் ஒரு ஊசியில சரியாகிடும். கடைசியா சொன்ன முறுக்கல் சில மணி நேரத்துல உயிரை எடுத்துடும். ஆரம்பத்துல வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு எல்லாமே ஒரே மாதிரி தெரியும். சிக்கலே அங்கதான்.

குதிரையால வாந்தி எடுக்க முடியாது

நாம கெட்டுப்போனதைச் சாப்பிட்டா உடம்பு அதை வெளியில தள்ளிடும். நாய் புல்லைத் தின்னுட்டு வாந்தி எடுக்கறதைப் பாத்திருப்பீங்க. குதிரைக்கு அந்த வசதி இல்ல. உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல இருக்கிற தசை வளையம் ரொம்ப இறுக்கமானது. குழாய் உள்ள நுழையற கோணமும் சாய்வானது. உள்ள போனது மேல திரும்பி வராது.

இரைப்பையும் சின்னது. நானூறு, ஐந்நூறு கிலோ உடம்புக்கு சுமார் 8-லிருந்து 15 லிட்டர்தான் கொள்ளும். அடுத்து சிறுகுடல், 20 மீட்டருக்கு மேல நீளம். அதுக்கப்புறம்தான் முக்கியமான இடம்: பெருங்குடலும் அதோட ஆரம்பத்துல இருக்கிற பெரிய பை மாதிரியான குடல்வாயும். மாடு தன்னோட முன்வயித்துல புல்லை ஊறவெச்சு, அசை போட்டுச் செரிக்கும். குதிரை அதே நொதிக்கிற வேலையைப் பின்பக்கத்துல, இந்தப் பெருங்குடல்ல செய்யுது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கதான் நாரை உடைக்குது. அதனால மாட்டுக்குச் செய்யற வைத்தியத்தை அப்படியே குதிரைக்குச் செய்ய முடியாது.

இந்தப் பெருங்குடல் வயித்துக்குள்ள மடிஞ்சு மடிஞ்சு கிடக்கு. பெரும்பகுதி எதோடயும் இறுக்கிக் கட்டப்படல. வாயு நிறைஞ்சா மிதந்து இடம் மாறலாம், முறுக்கிக்கலாம். இடுப்புப் பக்கம் ஒரு இடத்துல யூ-டர்ன் போடுது. அகலமான ரோடு திடீர்னு ஒத்தையடிப் பாதையா மாறற மாதிரி, அந்தத் திருப்பத்துல குடல் குறுகிடும். தண்ணி குறைஞ்சு தீனி கெட்டியானா டிராஃபிக் ஜாம் ஆகறது பெரும்பாலும் அங்கதான்.

குதிரை எப்படிச் சொல்லும்?

குதிரை அலறாது. ஆரம்பத்துல ரொம்ப சின்னச் சின்ன அடையாளம்தான். தீனியைத் திரும்பிப் பாக்காது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பாக்கும். முன்னங்காலால தரையைப் பறிக்கும். மேலுதட்டைச் சுருட்டும். மூத்திரம் போற மாதிரி உடம்பை நீட்டிக்கிட்டு நிக்கும், ஆனா போகாது. படுக்கும், எழும், மறுபடி படுக்கும். லத்தி போட்டது குறைஞ்சிருக்கும்.

வலி கூடினா வேர்க்கும், மூச்சு வாங்கும், பின்னங்காலால வயித்தை உதைக்கும், தரையில புரளும். ஒண்ணு சொல்லணும்: பயங்கரமா புரண்டுட்டு இருந்த குதிரை திடீர்னு அமைதியாகி, தலையைத் தொங்கப் போட்டுட்டு நின்னா 'அப்பாடா, சரியாயிடுச்சு'ன்னு நினைக்காதீங்க. குடல் கிழிஞ்சாலும் அந்த அழுத்தம் இறங்கி வலி குறைஞ்ச மாதிரி தெரியும். தீனி கேக்குதா, லத்தி போடுதா, நாடி இறங்கிச்சான்னு பாத்துட்டுதான் நிம்மதி ஆகணும்.

டாக்டர் போன்ல கேக்கப் போற அஞ்சு விஷயம்

ஒண்ணு, நாடித்துடிப்பு. கீழ்த்தாடை எலும்போட உள்விளிம்புல பென்சில் தடிமன்ல ஒரு நாளம் விரலுக்குக் கீழ உருளும். லேசா அழுத்தி 15 விநாடி எண்ணி நாலால பெருக்குங்க. ஸ்டெதஸ்கோப் இருந்தா இடது முழங்கைக்குப் பின்னாடி வெச்சுக் கேளுங்க. 'லப்-டப்' ரெண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. ஓய்வா நிக்கிற வளர்ந்த குதிரைக்கு நிமிஷத்துக்கு 28-லிருந்து 44 வரை இயல்பு. 60-ஐத் தாண்டி அங்கயே நின்னா அவசரம்.

ரெண்டு, ஈறு. இளஞ்சிவப்பா, ஈரமா இருக்கணும். விரலால அழுத்தி எடுத்தா வெளுத்த இடம் ரெண்டு விநாடிக்குள்ள பழைய நிறத்துக்கு வரணும். காய்ஞ்சு பிசுபிசுன்னு இருந்தாலோ, செங்கல் நிறத்துலயோ நீலம் கலந்தோ இருந்தாலோ அப்படியே சொல்லுங்க.

மூணு, குடல் சத்தம். விலாவுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் காதை வெச்சா 'குடுகுடு'ன்னு கேக்கணும். சத்தமே இல்லன்னா அது நல்ல செய்தி இல்ல.

நாலு, லத்தி. ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை போடறது வழக்கம். கடைசியா எப்பப் போட்டுச்சு, கெட்டியா, தண்ணியா?

அஞ்சு, உடம்புச் சூடு. 37.5-லிருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. குதிரை உதைக்கற நிலையில இருந்தா பின்னாடி போய் தெர்மாமீட்டர் வைக்காதீங்க. உங்க பாதுகாப்புதான் முதல்ல.

இதோட, இன்னைக்கு என்ன மாறிச்சுன்னும் சொல்லுங்க. புது வைக்கோலா, தண்ணித் தொட்டி காலியா இருந்துச்சா, தீனி அறைக் கதவு திறந்து கிடந்துச்சா?

செய்யக் கூடாதது மூணு

முதல்ல அந்த ஓமத் தண்ணி. மோர், பெருங்காயத் தண்ணி, எண்ணெய், சோடான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. தலையைத் தூக்கிப் பிடிச்சு பாட்டில்லயோ மூங்கில் குழாய்லயோ ஊத்தறது வழக்கம். வலியில இருக்கிற குதிரை சரியா விழுங்காது. ஊத்தினது நுரையீரலுக்குள்ள இறங்கினா நிமோனியா. எண்ணெய் இறங்கினா இன்னும் மோசம். ஏற்கெனவே இரைப்பை நிரம்பியிருந்தா, வாந்தி எடுக்க வழியில்லாத உடம்புல இன்னும் ஊத்தறோம்னு அர்த்தம். இரைப்பை வெடிச்சா காப்பாத்த முடியாது.

ரெண்டாவது, வலி ஊசி. பல லாயங்கள்ல ஃப்ளூனிக்சின் மருந்து ஒண்ணு ரெண்டு பாட்டில் இருக்கும். டாக்டர் சொல்லாம போட்டா வலி மறையும், காரணம் மறையாது. முறுக்கின குடல் முறுக்கினபடியே இருக்கும். டாக்டர் வந்து பாக்கும்போது குதிரை அமைதியா இருக்கும், ஆபரேஷனுக்கான நேரம் கைநழுவிப் போயிடும். தசையில போட்டா ஊசி போட்ட இடத்துல ஆபத்தான தொற்று வரவும் வாய்ப்பு இருக்கு. டாக்டர் போன்ல போடச் சொன்னா, எத்தனை மணிக்கு எவ்வளவு போட்டோம்னு கண்டிப்பா எழுதி வைங்க.

மூணாவது, ராத்திரி முழுக்க நடத்தறது. 'புரண்டா குடல் முறுக்கும், விடாம நடத்து'ன்னு சொல்வாங்க. பத்து நிமிஷம் மெதுவா நடத்தறது நல்லது, வாயு நகரும். மணிக்கணக்கா இழுத்துட்டுப் போனா ரெண்டு பேருக்கும் களைப்புதான் மிச்சம். அமைதியாப் படுத்திருந்தா விட்டுடுங்க. புரள ஆரம்பிச்சா சுவரும் கம்பியும் இல்லாத மண் தரைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆள் கீழ மாட்டிக்கக் கூடாது.

டாக்டர் வந்து என்ன செய்வார்?

மூக்கு வழியா இரைப்பைக்கு ஒரு நீளமான குழாய் விடுவார். பாக்க பயமா இருக்கும். ஆனா வாந்தி எடுக்க முடியாத விலங்குக்கு அதுதான் வாந்தி. தேங்கின நீரும் வாயுவும் அது வழியா வெளியேறும். பின்பக்கமா கையை விட்டு குடல் எங்க இருக்குன்னு பார்ப்பார். வலிக்கும் இழுப்புக்கும் ஊசி போடுவார். அடைப்புன்னா அதே குழாய் வழியா தண்ணி, உப்புக் கரைசல், இல்லன்னா மினரல் ஆயில். பாட்டில்ல ஊத்தறதுக்கும் இதுக்கும் வித்தியாசம், குழாய் இரைப்பைக்குள்ளதான் இருக்குன்னு அவர் உறுதி செஞ்சிருக்கார்.

பெரும்பாலான கோலிக் இந்த அளவிலயே குணமாகிடும். மருந்து குடுத்தும் வலி திரும்பத் திரும்ப வந்து, நாடி இறங்காம இருந்தா ஆபரேஷன் பத்திப் பேசணும். அந்த வசதி எல்லா ஊர்லயும் கிடையாது, செலவும் அதிகம். அதனால அந்தப் பேச்சை இப்பவே வெச்சுக்கோங்க: எங்க கொண்டு போகணும், வண்டி யாரோடது, எவ்வளவு செலவு பண்ண முடியும்? நம்மால முடியலன்னா, வலியில விடாம கருணைக்கொலைக்கு யார் சம்மதம் சொல்றது? அக்கா, தங்கச்சி ரெண்டு பேரும் ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதுக்கிட்டே முடிவு பண்ண வேண்டிய விஷயம் இல்ல இது.

வராம பாத்துக்க

தண்ணிதான் முதல்ல. ஒரு குதிரை சாதாரணமா நாளைக்கு 25 லிட்டருக்கு மேல குடிக்கும். சித்திரை வெயில்ல வேர்த்தா 50 கூட ஆகும். மொட்டை வெயில்ல கொதிக்கிற தொட்டித் தண்ணியை அது தொடாது. நிழல்ல வைங்க, தினம் கழுவுங்க, உப்புக் கட்டி ஒண்ணு தொங்க விடுங்க.

அடுத்தது புல்லும் வைக்கோலும். உடல் எடைல குறைஞ்சது 1.5 சதவீதம், அதாவது 450 கிலோ குதிரைக்கு 7 கிலோ அளவு உலர்ந்த தீனி வேணும். ரெண்டு வேளை நிறையப் போட்டுட்டு நடுவுல பட்டினி போடாம, பல தடவையாப் பிரிச்சுப் போடணும். கொள்ளு, தவிடு எல்லாம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். தீனியை மாத்தணும்னா ஏழுலிருந்து பத்து நாள் எடுத்து, பழசைக் குறைச்சுப் புதுசைக் கூட்டுங்க. குடல்ல இருக்கிற நுண்ணுயிர்களுக்குப் பழக நேரம் வேணும்.

கடற்கரை ஓரமா லாயம் இருக்கிறவங்களுக்கு மணல் தனிக் கவலை. தரையில தீனி போட்டா ஒவ்வொரு வாயோடயும் மணல் உள்ள போகும். தொட்டியிலயோ ரப்பர் விரிப்பு மேலயோ போடுங்க. வீட்டுச் சோதனை ஒண்ணு இருக்கு: தரை படாத மேல் லத்தி ஆறு உருண்டையை ஒரு கண்ணாடி பாட்டில் தண்ணியில கரைச்சு, கால் மணி நேரம் விடுங்க. அடியில மணல் படிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க. நம்ம வீட்டு அலமாரில இருக்கிற அதே இசப்கோலை அவர் சொல்லலாம். ஆனா அடியில மணல் இல்லன்னா உள்ளயும் இல்லன்னு அர்த்தம் இல்ல.

பல்லை வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும். பூச்சி மருந்தைக் கண்ணை மூடிட்டுக் குடுக்காம, லத்தியைச் சோதிச்சுட்டுக் குடுக்கணும்.

கடைசியா, லாயத்துல இருக்கிற அண்ணன்

வாரத்துல மூணு நாள்தான் நீங்க போறீங்க. தினம் பாக்கறது சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கிற அண்ணன். குதிரை ஒரு வாய் குறைச்சுச் சாப்பிட்டாலும் முதல்ல தெரியறது அவருக்குத்தான். 'சும்மா எதுக்கு ஓனரை எழுப்பணும், திட்டுவாங்க'ன்னு அவர் ஒரு மணி நேரம் தயங்கினா, போறது அந்த முக்கியமான ஒரு மணி நேரம். 'அண்ணே, சந்தேகம் வந்தாலே போன் பண்ணுங்க. ஒண்ணுமில்லாம போனா சந்தோஷம்தான்'னு முன்கூட்டியே சொல்லி வைங்க. உங்களைக் கேக்காமலே டாக்டரைக் கூப்பிடற உரிமையையும் அவருக்குக் குடுங்க.

இந்த வாரம் லாயத்துக்குப் போகும்போது ரெண்டு பேரும் சேர்ந்து, குதிரை நல்லா இருக்கும்போதே அதோட நாடியை எண்ணுங்க, ஈறைப் பாருங்க, குடல் சத்தத்தைக் கேளுங்க. அந்த எண்களை ஒரு அட்டையில எழுதி லாயக் கதவுல ஒட்டுங்க. கீழ டாக்டர் நம்பர், வண்டிக்காரர் நம்பர், கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962. இயல்பு என்னன்னு தெரிஞ்சாதான் இயல்பு மாறினது தெரியும்.

அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோட பாப்போம். குதிரைக்கு எங்க விசாரிப்பைச் சொல்லுங்க.