சைக்கிள் ஓட்டுவது நம் உரிமை

ஊர்த் தெருவில் நம்மவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதை மற்ற சாதியினர் தடுத்தால், இன்று அது வன்கொடுமைக் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் அமலில் உள்ள சட்டத் திருத்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

அரசின் இலவச சைக்கிள் திட்டமும் 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகே எல்லோருக்கும் விரிந்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இன்னொரு தடை, சிப்காட்டுக்கும் கர்நாடக எல்லைக்கும் ஓடும் லாரிகள். அதற்குப் பயந்து சைக்கிளை மூலையில் சாத்திவிடக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாகக் கற்றுத்தான் பயத்தை விட்டார்கள். நாமும் விடுமுறை நாட்களில் பள்ளி மைதானத்தில் தங்கைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.

நெடுஞ்சாலையைத் தவிர்த்துச் சர்வீஸ் ரோட்டில் இடது ஓரமாகப் போவோம். திரும்பும் லாரியின் இடப்பக்கம் நுழைய வேண்டாம். ஓட்டுநருக்கு நாம் தெரிய மாட்டோம். பிரேக்கைச் சரிபார்ப்போம். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முன்னால் விளக்கும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் பொருத்துவோம்.

யாராவது இறங்கி உருட்டிப் போகச் சொன்னால், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுப்போம்.