மூன்று மாதம் உழைத்தும் ஆறு நிமிஷம் கூடியது ஏன்?

பெரிய பந்தயம் ஒன்றுக்காகக் கடுமையாகப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறோம். நடுவில் பக்கத்திலேயே ஒரு சின்ன பந்தயம் வருகிறது. அதற்காக ஓய்வெடுப்பதா, அல்லது களைத்த காலோடு அப்படியே போய் நிற்பதா? அப்படிப் போய் நின்றால், கடிகாரம் காட்டும் நேரத்தை எப்படி எடுத்துக்கொள்வது? இந்த வருஷம் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகப் படித்துப் பார்த்தேன். அதன் குறிப்புகள் இவை.

முதலில் என் கணக்கு. ஆகஸ்டில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்த ஒரு சின்ன ட்ரையத்லான். 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். போன வருஷம் இதே தூரத்தை 3 மணி 1 நிமிஷத்தில் முடித்தேன். இந்த வருஷம் 3 மணி 7 நிமிஷம். இத்தனைக்கும் போன வருஷத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பயிற்சி. கூட வந்த விழுப்புரத்து நண்பர் பாவமாகப் பார்த்தார். "இன்னாப்பா, ஒழைச்சதெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

எங்கேயும் போகவில்லை என்பதுதான் பதில். ஆனால் அதை நிரூபிக்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

தூரங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்து 'ட்ரையத்லான்' என்ற பெயரில் நடத்திய முதல் பந்தயம் 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்தது. 1978 பிப்ரவரியில் ஹவாயில் முதல் அயர்ன்மேன். 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் சேர்ந்தபோது வைத்த தூரம்தான் நான் மேலே சொன்ன 1.5, 40, 10. முழு அயர்ன்மேன் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அதில் பாதி தூரப் பந்தயம் 2019 முதல் கோவாவில் நடக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் பலருக்கு வருஷத்தின் பெரிய இலக்கு அதுதான், எனக்கும்தான். அக்டோபர் அல்லது நவம்பரில் வரும். அப்படியென்றால் ஆகஸ்ட், செப்டம்பர்தான் பயிற்சி உச்சத்தில் இருக்கும் மாதங்கள். உள்ளூர் பந்தயம் சரியாக அதன் நடுவில் வந்து விழுகிறது.

இப்போது கணக்கு. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பானிஸ்டரும் கூட்டாளிகளும் 1970களின் நடுவில் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். ஒவ்வொரு நாள் பயிற்சியும் உடம்பில் இரண்டு விஷயத்தைச் சேர்க்கிறது என்பது அதன் அடிப்படை. ஒன்று திறன், இன்னொன்று களைப்பு. பந்தயத்தில் வெளியே தெரிவது திறனிலிருந்து களைப்பைக் கழித்த மிச்சம் மட்டும். களைப்பு சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். திறன் மெதுவாக ஏறும், மெதுவாகவே இறங்கும். பயிற்சியை நிறுத்தினால் திறன் ஏறக்குறைய 45 நாள் அளவுகோலிலும் களைப்பு 15 நாள் அளவுகோலிலும் தேயும் என்று பிற்பாடு வந்த ஆய்வுகளில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால் விளங்கும். பயிற்சி உச்சத்தில் ஒருவருடைய திறன் 100, களைப்பு 60 என்று வைத்துக்கொள்வோம். இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள். அன்றைக்கே பந்தயம் ஓடினால் மிச்சம் 40. பயிற்சியை அடியோடு நிறுத்தி ஒரு வாரம் கழித்து ஓடினால் திறன் 86 ஆகக் குறையும், களைப்பு 38 ஆகக் குறையும், மிச்சம் 48. இரண்டு வாரம் கழித்து 73, 24; மிச்சம் கிட்டத்தட்ட 50. ஒரு மாதம் சும்மா இருந்தால் 51, 8. மிச்சம் 43 ஆக மறுபடி இறங்கிவிடும்.

இரண்டு வாரம் ஓய்வெடுத்த ஆளுக்குத் திறன் குறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் அவர் வேகமாக ஓடுகிறார். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்குத் திறன் அதிகம். ஆனாலும் மெதுவாக ஓடுகிறார். கடிகாரத்துக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நடைமுறையில் யாரும் அடியோடு நிறுத்துவதில்லை, குறைத்துக்கொள்வார்கள். அப்போது திறன் இவ்வளவு தேயாது. இதைத்தான் டேப்பர் என்கிறார்கள்.

டேப்பரால் எவ்வளவு லாபம்? இனிகோ முஹீக்காவும் சபினோ பதிய்யாவும் 2003இல் வெளியிட்ட தொகுப்பில் சுமார் 3 சதவீதம் என்று சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் 0.5 முதல் 6 சதவீதம் வரை மாறும். லோரான் பொஸ்கே குழுவினர் 2007இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம், பயிற்சியின் அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பது, வேகத்தையும் வாரத்துக்கு எத்தனை முறை என்பதையும் குறைக்காமல் வைத்திருப்பது. இதற்குத்தான் பலன் அதிகம் என்று அவர்களுக்குத் தெரியவந்தது.

மூன்று மணி நேரத்தில் 3 சதவீதம் என்றால் 5 நிமிஷம் 24 விநாடி. போன வருஷம் நான் இரண்டு வாரம் குறைத்துக்கொண்டு போனேன். இந்த வருஷம் பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னால்கூட திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரை சைக்கிளில் போய்வந்தேன். ஆறு நிமிஷத்தில் பெரும்பகுதியை இதுவே விழுங்கிவிடுகிறது.

மிச்சத்தை விழுங்க வேறு விஷயங்களும் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் நம் கரையோர நீரோட்டம் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும். கடலில் எந்தப் பக்கம் நீந்தினோம் என்பதைப் பொறுத்து நேரம் மாறும். ஆகஸ்ட் காலையில் உள்ளே மேற்குக் காற்று, பகல் ஏற ஏறக் கடல்காற்று. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிறவர்களுக்கு இது தெரியும். காலையில் காற்று முதுகைத் தள்ளும். 'நம்ம காலு இன்னிக்கு சூப்பர்' என்று நினைத்துக்கொண்டே போவோம். திரும்பும்போது நேரம் கம்மியாக இருந்தால் அதே காற்று நெஞ்சில் அடிக்கும். ஆக, இரண்டு வருஷத்து நேரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதிலேயே பாதி அர்த்தம்தான் இருக்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் டேப்பர் எடுத்துவிடலாமே? மூன்று உள்ளூர் பந்தயம் என்றால் ஆறு வாரம் குறைந்த பயிற்சி. அதோடு ஒவ்வொன்றுக்குப் பிறகும் சில நாள் ஓய்வு. கோவாவுக்குத் தயாராகும் நாலைந்து மாதத்தில் இவ்வளவையும் விட்டுக்கொடுத்தால், டேப்பர் செய்ய வேண்டிய திறனே சேர்ந்திருக்காது.

ஆனால் 'களைப்பு' என்ற சொல் எல்லாவற்றுக்கும் வசதியான சாக்காகவும் ஆகிவிடலாம். மெதுவாக ஓடிவிட்டு, "நான் பயிற்சி நடுவுல ஓடினேன்" என்று வருஷம் முழுக்கச் சொல்லலாம். இதற்கு நேர் எதிரான ஆபத்து இன்னும் பெரியது. நேரம் கூடியதைப் பார்த்துவிட்டு, 'பயிற்சி போதவில்லை' என்று முடிவெடுத்து அடுத்த வாரமே இன்னும் ஏற்றுவது. ஏற்கெனவே களைப்பில் இருக்கும் உடம்பின் மேல் களைப்பை ஏற்றுகிறோம். அடுத்த பந்தயத்தில் நேரம் இன்னும் கூடும், பயிற்சி இன்னும் ஏறும். ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட அறிக்கை இதைப் படிப்படியாகப் பிரிக்கிறது. சில நாளிலோ இரண்டு வாரத்திலோ தீர்ந்து முன்னைவிட நல்ல நிலைக்குக் கொண்டுவரும் களைப்பு முதல் படி. வாரக்கணக்கில் இழுத்து, லாபம் எதுவும் தராமல் போவது அடுத்த படி. மாதக்கணக்கில் ஆளையே உட்கார வைத்துவிடுவது கடைசிப் படி. பந்தயத்தன்று பார்த்தால் மூன்றுமே ஒரே மாதிரிதான் தெரியும். எது எது என்பதை ஓய்வு எடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அதனால் சோதனை எளிது. பந்தயம் முடிந்ததும் ஒரு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைப்பது. பிறகு பழக்கப்பட்ட ஒரே சாலை, ஒரே நேரம், முழு வேகத்தில் ஒரு சின்ன ஓட்டம். நான் மயிலம் ரோட்டில் விடியற்காலை 5 கிலோமீட்டர் ஓடினேன். போன வருஷம் ஓய்வெடுத்த காலோடு அங்கே 26 நிமிஷம் 5 விநாடி. இந்த முறை 25 நிமிஷம் 20 விநாடி. பயிற்சி வீண்போகவில்லை என்பதற்கு எனக்கு இந்தச் சான்று போதும். இங்கேயும் நேரம் கூடியிருந்தால் இன்னொரு வாரம் ஓய்வு. அப்போதும் தேறவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை, டாக்டர். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். ரொம்பக் களைத்த உடம்பில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைவாகவே நின்றுவிடுவதுண்டு. அதைப் பார்த்துத் திறன் கூடிவிட்டது என்று ஏமாந்துபோகலாம்.

நேரத்தை ஒதுக்கிவிட்டால் உள்ளூர் பந்தயத்தில் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? நிறையவே மிஞ்சும்.

முதலாவது நீச்சல். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் நீச்சல் கற்றது விவசாயக் கிணற்றில். மேலேயிருந்து குதிப்போம், மூச்சடக்கி அடிமண் எடுத்து வருவோம். ஆனால் 1.5 கிலோமீட்டர் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, சீராக மூச்சுவிட்டு நீந்துவது முற்றிலும் வேறு வேலை. நீச்சல் குளத்தில் அடியில் கோடு இருக்கும், கடலில் இருக்காது. பத்துப் பதினைந்து கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஐம்பது பேர் கை கால் அடிக்கும்போது பதறாமல் இருக்க வேண்டும். இதை ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு பந்தயத்தில்தான் பழக முடியும். உயிர்காப்புப் படகு இல்லாமல் நம் கடலில் தனியாக இறங்கிப் பழகும் யோசனை வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் இரண்டு கிலோமீட்டர். அந்தக் கால் நம்முடையதாகவே இருக்காது. தொடக்க வேகத்தை அடக்கிக் கடைசி வரை சீராக ஓடினோமா என்பதைக் களைப்பிலும் பார்க்கலாம். கடைசி இரண்டு கிலோமீட்டர் முதல் இரண்டைவிட எவ்வளவு மோசம் என்ற ஒரே எண் போதும்.

மூன்றாவது தண்ணீரும் உப்பும். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குடித்ததைக் கூட்டி, வெளியேறிய சிறுநீரைக் கழித்தால் எவ்வளவு வியர்த்தது என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். பயந்துபோய் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அது அதிகம். உப்பு போட்ட நீர்மோர் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, சைக்கிளில் தின்ன மல்லாட்டை உருண்டை சரிவருமா என்பதையெல்லாம் கோவாவில் போய்ச் சோதிக்கக் கூடாது.

போகவே கூடாத நாட்களும் உண்டு. காய்ச்சல் இருந்தாலோ, முந்தின நாலைந்து நாளாகத் தூக்கம் கெட்டிருந்தாலோ, எலும்பில் ஒரே இடத்தில் விரலால் தொட்டால் வலித்தாலோ கட்டிய பணம் போனால் போகட்டும். மற்றபடி எல்லாத் தசையும் பொதுவாகக் கனத்துக் கிடப்பது பந்தயத்தை விடக் காரணமில்லை.

விழுப்புரம் மாவட்டத்திலேயே, ஆரோவில்லில் 2008 முதல் ஒரு மாரத்தான் நடக்கிறது. அங்கே பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. செம்மண் பாதையில் ஓடும் சந்தோஷத்துக்காக ஓடுங்கள் என்கிறார்கள். பயிற்சி நடுவே இருப்பவருக்கு அப்படி ஒரு மனநிலையோடு எந்த உள்ளூர் பந்தயத்துக்கும் போக முடியும். ஒரே ஒரு நிபந்தனை: என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதை முந்தின நாள் ராத்திரியே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும். நேரத்தைப் பார்த்த பிறகு எழுதினால் அது சமாதானமாகத்தான் இருக்கும். அடுத்த உள்ளூர் பந்தயத்துக்கு நான் எழுதி வைத்திருப்பது இரண்டே வரி. மிதவையைத் தவறவிடாமல் நீந்த வேண்டும். மணிக்கு 700 மில்லி குடித்து, வயிறு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.