ஆறு தந்தி, பல குரல்

ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் நாதத்தில் வித்தியாசம் உண்டு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஒரே மரத்தில் குடைந்தது ஒரு விதம், துண்டுகளாகச் செய்து பொருத்தியது வேறு விதம். ஆனால் பிள்ளை கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் மட்டும், "ஏதோ ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தாப் போச்சு" என்று இருந்துவிடுகிறோம். கையால் செய்யப்படும் கிளாசிகல் கிட்டாரிலும் பாணிகள் உண்டு. அவற்றின் குரலும் வேறு, கைக்குப் படும் விதமும் வேறு.

முதலில் ஓர் அடிப்படை. இது நைலான் தந்திகளை விரலால் மீட்டும் வாத்தியம். மின்சார இணைப்பு கிடையாது. இரண்டாம் உலகப் போர் வரை மிருகக் குடலில் செய்த தந்திகளே வழக்கம். 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் தந்திகளைச் செய்து பரப்பினார். தந்தி மட்டும் அதிர்ந்தால் அறையில் ஒன்றும் கேட்காது. அந்த அதிர்வு மேல்பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அசைத்தால்தான் நமக்கு நாதம். பலகையின் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். அது தந்தியின் இழுவையைத் தாங்க அடியில் மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டுவார்கள். பாணியின் ரகசியம் பெரும்பாலும் இந்தப் பட்டைகளில்தான் இருக்கிறது.

இன்றைய கிட்டாருக்கு வடிவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ டி டோரஸ் (1817–1892). அடிப்படையில் தச்சர். உடலைப் பெரிதாக்கி, பலகையை மெலிதாக்கி, அடியில் ஏழு பட்டைகளை விசிறி போல விரித்து ஒட்டினார். தந்தியின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டர் என்பது அவர் வழியாகத்தான் நிலைத்தது. 1862-இல் அவர் ஒரு வேடிக்கை செய்தார். மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்து, பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்தார். குரல் பிறப்பது மேல்பலகையில் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு. அந்தக் கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. விரல் தந்திக்குக் கொடுக்கும் சக்தி ஓர் அளவுதான். லேசான பலகை அதைச் சட்டென்று வாங்கிச் செலவழிக்கும். ஒலி பெரிது, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். விறைப்பான பலகை மெல்ல மெல்லச் செலவழிக்கும்; ஒலி சின்னது, ஆனால் நீண்டு நிற்கும். ஒவ்வொரு கைவினைஞரும் இந்தக் கணக்கைத் தன் வழியில் போடுகிறார்.

டோரஸ் வழி வந்த ஸ்பானிய கிட்டார் எடை குறைந்தது. தொட்டவுடன் பேசும். அதற்கு உறவுக்காரர் ஃபிளமெங்கோ கிட்டார்: பக்கங்களுக்கு சைப்ரஸ் மரம், தந்திகள் பலகைக்கு வெகு அருகில். ஒலி வெடுக்கென்று கிளம்பி உடனே அடங்கும். ஆட்டத்துக்கு அதுதானே வேண்டும்?

மியூனிக் நகரத்து ஹெர்மன் ஹவுசர் (1882–1952) ஸ்பானிய முறையைக் கற்று, ஜெர்மானிய நுணுக்கத்தைச் சேர்த்தார். 1937-இல் அவர் செய்த கிட்டாரை ஆந்த்ரேஸ் செகோவியா 1962 வரை மேடையில் வாசித்தார். சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் கேட்பது இந்தப் பாணியின் அழகு. வாசிப்பவரின் விரல் தப்பையும் அது மறைக்காது!

மாட்ரிட் நகரத்து மூன்றாம் ஹோசே ராமிரெஸ் 1960-களில் ஸ்புரூஸ் மரத்துக்குப் பதிலாகச் சிடார் பலகையைக் கொண்டுவந்தார். தந்தி நீளத்தையும் 664 மில்லிமீட்டராக்கினார். பெரிய அரங்கத்துக்கு ஏற்ற தடித்த, இதமான குரல். ஆனால் இடது கை விரல்கள் அதிகம் விரிய வேண்டும், தந்தியும் விறைப்பு. ஸ்புரூஸ் வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும் என்பார்கள். சிடார் முதல் நாளே குரல் கொடுக்கும்.

ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் விசிறியையே விட்டுவிட்டார். பால்சா மரமும் கார்பன் இழையும் சேர்ந்த பட்டைகளை ஜன்னல் வலை போலக் குறுக்கும் நெடுக்கும் அமைத்து, மேல்பலகையை மிக மெலிதாக்கினார், பின்புறத்தைக் கனமாக்கினார். ஜான் வில்லியம்ஸ் 1980-களில் இதற்கு மாறினார். கையில் எடுத்தால் கனம் தெரியும். ஒலி அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் போகும். ஜெர்மனியில் மத்தியாஸ் டாமன் போன்றோர் இரண்டு மெல்லிய மரத் தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற செயற்கைப் பொருளை வைத்து இன்னொரு வழி கண்டார்கள். ஒலி பெருத்ததில் நிறம் குறைந்தது என்று வருந்தும் ரசிகர்களும் இருக்கிறார்கள்.

நிறம் என்றால் என்ன? முதல் தந்தியை விரல் வைக்காமல் மீட்டுங்கள். அதே சுரத்தை இரண்டாம் தந்தியின் ஐந்தாம் கட்டிலும், மூன்றாம் தந்தியின் ஒன்பதாம் கட்டிலும் வாசியுங்கள். நல்ல கிட்டாரில் மூன்றும் ஒரே சுரம், ஆனால் மூன்று குரல். பலகையின் வாய்க்கு அருகே மீட்டினால் இனிமை, பிரிட்ஜுக்கு அருகே மீட்டினால் கூர்மை. இந்த வித்தியாசம் கேட்காத கிட்டார் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் பிள்ளையின் காதை வளர்க்காது.

நம் பிள்ளைகள் வாசிக்கப் போவது ஃபிளாட்டின் சின்ன அறையில். அங்கே கடைசி வரிசை என்று ஒன்று இல்லை. ஆகவே கடையில் ஓங்கி மீட்டிப் பார்த்து வாங்காதீர்கள். மெதுவாக வாசிக்கச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். மெல்லிய சுரமும் தெளிவாக வந்தால் நல்லது. கை சின்னதென்றால் 650-க்கு மேல் போக வேண்டாம். சிறுவர்களுக்கு அதைவிடக் குட்டை அளவுகளும் உண்டு. வாங்கிய பிறகு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது உத்தமம். வட இந்தியக் குளிர்கால ஹீட்டர் அருகே வைத்தால் மெல்லிய பலகை வெடித்துவிடும்.

இன்னொரு செய்தி. 1992-இல் பிரேசில் ஈட்டி மரத்தின் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்தது. அதற்கு முன்பிருந்தே உலகக் கைவினைஞர்கள் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் நாடிவந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் இந்திய ஈட்டியை. பலகைக்குப் பூசும் மெல்லிய மெருகோ நம் நாட்டுக் காடுகளிலும் கிடைக்கும் அரக்கு. அந்நிய வாத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வீணைக்குக் கொடுத்த காதைக் கொஞ்சம் கிட்டாருக்கும் கொடுத்தால், பிள்ளையோடு கடைக்குப் போகும்போது நாமும் தெரிந்து பேசலாம்.