"அவர்" ஆணா? பெண்ணா?

திருவையாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நேற்று விவசாய ஆபீசர் வந்தார். வயலில் இறங்கினார். பயிரை விலக்கிப் பார்த்தார். அவர் இதை இலைச்சுருட்டுப் புழு என்கிறார்."

ஆபீசர் ஆணா, பெண்ணா? கடிதத்தில் இல்லை. படிக்கிறவர்களுக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. புழு ஒழிந்தால் சரி!

இதையே இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். 'அவர்' வந்ததும் பேனா நின்றுவிடும். 'ஹீ' என்றால் ஆண். 'ஷீ' என்றால் பெண். எதைப் போடுவது?

பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இந்தச் சங்கடம் உண்டு. அங்கே பேசும் தகலாகு மொழியில் அவனும் 'சியா'தான், அவளும் 'சியா'தான். அந்தப் பழக்கத்தில், இங்கிலீஷ் பேசும்போது சிலர் சொந்த மனைவியையே 'ஹீ' என்று சொல்லிவிடுவார்கள்!

நம்முடைய 'அவர்' முதலில் பலரைக் குறித்த சொல். பிறகு மரியாதைக்காக ஒருவருக்கும் வந்தது. 'ஒருவர்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று தொல்காப்பியமே சொல்கிறது. இங்கிலீஷ்காரர்களும் பலரைக் குறிக்கும் 'தே' என்ற சொல்லை ஒரே ஆளுக்குச் சொல்வது உண்டு. 2019-ல் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

பேச்சில் கதை வேறு. தஞ்சாவூர்க் கடைத்தெருவில் 'அவரு வந்தாரு' என்றால் ஆண்தான். பெண்ணானால் 'அவங்க வந்தாங்க'.

எழுத்தோ பேச்சோ, இந்த மரியாதை எல்லோருக்கும் கிடைத்ததா? காவிரிக் கரையில் அதையும் மரக்காலால் அளந்துதான் கொடுத்தார்கள். மிராசுதார் 'அவர்'. அவர் மனைவியும் 'அவர்'. அறுபது வயதுப் பண்ணையாள் 'அவன்'. நாற்று நட்டு முதுகு வளைந்த கிழவி 'அவள்'. மிராசுதார் வீட்டுச் சின்னப் பையனும் அப்படித்தான் சொன்னான். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி நெல் எவ்வளவு என்று சட்டம் சொன்னது. எப்படிக் கூப்பிடுவது என்று அது சொல்லவில்லை.

இங்கிலீஷில் எழுதினால் மிராசுதாரும் 'ஹீ', பண்ணையாளும் 'ஹீ'. நம் ஊர் மேடு பள்ளம் அதில் தெரியாது.

திருப்பித் தமிழாக்கும்போதுதான் வம்பு! பத்திரிகை ஆபீசுக்கு ஓர் இங்கிலீஷ் செய்தி வந்தது. நிலச் சொந்தக்காரர் ஒருவர், கூலியாள் ஒருவர். இருவருக்கும் 'ஹீ' என்றுதான் போட்டிருந்தது. நான் முதல் ஆளுக்கு 'அவர் கூறினார்' என்று எழுதினேன். அடுத்த ஆளுக்கு 'அவன் கூறினான்' என்று எழுதிவிட்டேன். செய்தியில் அந்த மரியாதைக் குறைவு இல்லை. அதைச் சேர்த்தது என் கை.

அச்சுக்குப் போகும் முன் மூத்த ஆசிரியர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சிவப்பு மையால் அடித்து, மேலே 'அவர் கூறினார்' என்று எழுதினார்.

அந்த ஆசிரியர் ஆணா, பெண்ணா? நான் சொல்லவில்லையே!