அச்சாரம் இல்லாத பேரம்

பழைய தபால்தலைகளை ஈபேயில் விற்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 60 டாலர் போட்டிருந்த தொகுப்பை ஓர் அமெரிக்கர் 40க்குக் கேட்டாராம். இவர் 50 என்று எதிர்விலை சொல்ல, அவரும் ஏற்றுக்கொண்டார். அதோடு சரி. பணமும் இல்லை, பதிலும் இல்லை.

விலை கேட்பது, மறுப்பது எல்லாம் தெரிந்த விஷயம்தான். இந்த எதிர்விலைதான் விசித்திரமான பிராணி. அதைச் சொன்ன நொடியிலேயே அவர் கேட்ட 40 செத்துப்போகிறது. 1840இல் இங்கிலாந்தில் ஹைட் எதிர் ரென்ச் என்று ஒரு வழக்கு. ரென்ச் தன் பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைட் 950க்குக் கேட்டார். ரென்ச் மறுத்துவிட, "சரி, 1,000மே தருகிறேன்" என்று ஹைட் திரும்பி வந்தார். செல்லாது என்றது நீதிமன்றம். 950 என்று வாய் திறந்தபோதே பழைய 1,000 முறிந்துவிட்டதாம்.

நம் வாசகர் விஷயத்திலும் அப்படித்தான். விலை கேட்கும்போதே அமெரிக்கர் அட்டை விவரம் கொடுத்திருந்தாலும், அந்தச் சம்மதம் 40 டாலருக்கு. 50க்கு அவர் புதிதாக மனம் வைக்க வேண்டும். அதுவரை பொருள் யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை; வேறொருவர் வந்து 60 கொடுத்து எடுத்துப்போகலாம். ஆனால் அமெரிக்கர் ஏற்பதாகப் பொத்தானை அழுத்திவிட்டால், ஒரு காசு வராமலே சரக்கு சந்தையிலிருந்து இறங்கிவிடும்!

எங்கள் பெரியப்பா மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார். விலை படிந்ததும் அச்சாரம் கைமாறும். அது கைமாறாமல் மாட்டை யாரும் அவிழ்க்கமாட்டார்கள். இணையத்தை அமைத்தவர்கள் துண்டையும் விரலையும் எடுத்துக்கொண்டு அச்சாரத்தை மறந்துவிட்டார்கள் போலும்.

இனி வாசகருக்கு. ஈபே வாங்குபவருக்கு 4 நாள் தருகிறது. சனி, ஞாயிறும் சேர்த்தி. அதற்குள் கனிவாக ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். உங்களிடம் இன்னும் சில தபால்தலைகளை எடுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தபால் செலவாகப் போடுவீர்கள் என்று அவர் காத்திருக்கக்கூடும். அதை விசாரிக்காமல் முதல் நாளே வசைபாடும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு அனுதாபம் கிடையாது.

ஐந்தாம் நாள் ரத்து செய்யலாம். காரணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது என்று போட்டால் கரும்புள்ளி உங்களுக்கு. வாங்குபவர் கேட்டுக்கொண்டார் என்று போட்டால் அவர் கணக்கு சுத்தமாகவே இருக்கும். பணம் வரவில்லை என்ற உண்மையையே போடுங்கள்; விற்பனைக் கட்டணம் உங்களுக்குத் திரும்பும், அவர் பெயரில் பதிவும் விழும். அந்தப் பதிவுகள் சேர்ந்தவர்களை உள்ளேயே விடாமல் தடுக்க அமைப்புப் பக்கத்தில் வழி இருக்கிறது. இரக்கப்பட்டுப் பொய்க் காரணம் போடுகிறவர், அடுத்த விற்பனையாளரின் தலையில் அந்த ஆளைக் கட்டிவிடுகிறார்.

ரத்தாகும் முன்பே அதே தொகுப்பை மறுபடி விற்பனைக்கு ஏற்றிவிடாதீர்கள். நீங்கள் ரத்து செய்யும்வரை அவர் பணம் கட்டலாம். ஆறாம் நாள் கட்டினாலும் அனுப்பித்தான் ஆகவேண்டும்.