மீன்தொட்டியில் ஏடு படிவது ஏன்?

பாலில் ஏடு படிவதுபோல மீன்தொட்டி நீரின்மேலும் சில நேரம் மெல்லிய படலம் படரும். ஏன்?

மிஞ்சிய தீனி, மீன் கழிவு, அழுகும் இலை ஆகியவற்றிலிருந்து கொழுப்பும் புரதமும் நீரில் சேர்கின்றன. புரத மூலக்கூறின் ஒரு பகுதி நீரை நாடும். மறுபகுதி நீரை விலக்கும். அதனால் அது நீர்ப்பரப்பில் ஒதுங்குகிறது. கொழுப்போ தானே மிதக்கும். இவற்றை உண்டு பாக்டீரியா பெருகும். படலம் தடித்தால் காற்றிலிருந்து ஆக்சிஜன் கலப்பது குறையும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறும்.

எப்படிப் போக்குவது? சாயமற்ற டிஷ்யூ தாளை நீர்மேல் விரித்து எடுங்கள். படலம் ஒட்டிக்கொண்டு வரும். ஃபில்டரின் வெளிக்குழாயை உயர்த்தி, நீர்ப்பரப்பை அசையவிடுங்கள். தீனியைக் குறையுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். குழாய்நீரில் குளோரினை நீக்கியபின்பே ஊற்றுங்கள். நீரைச் சோதிக்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டினால்தான் நீர் நலம்.