மாதவிடாய் நின்ற பின் மாதர் உடல்நலம்

பெண்களின் உடல்நலம் என்றவுடன் கர்ப்ப காலமும் பிரசவமும் குழந்தை வளர்ப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. கிராம சுகாதாரப் பணிகளும் நெடுங்காலம் தாய் சேய் நலத்தையே முதன்மையாகக் கருதி நடந்துவந்தன. அது நியாயமே. ஆயினும், பிள்ளைப்பேறு முடிந்து, மாதவிடாயும் நின்றபின், ஒரு பெண்மணி இன்னும் இருபத்தைந்து அல்லது முப்பது ஆண்டுகள் வாழ்கிறாள். அக்காலத்தில் அவள் ஓய்ந்திருப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தி எடுத்தல், சின்ன வெங்காயம் பிடுங்குதல், மக்காச்சோளக் கதிர் ஒடித்தல், முந்திரிக் கொட்டை பொறுக்குதல் ஆகிய வேலைகளில் இவ்வயதுப் பெண்களின் பங்கு பெரிது. வீட்டுக்கும் காட்டுக்கும் தூணாக நிற்கும் இவர்களின் உடல்நலத்தைப் பேணுவது குடும்பத்தின் கடமை மட்டுமன்று, கிராமத்தின் கடமையுமாகும்.

மாற்றத்தின் இயல்பு

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் பெரும்பாலும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதளவில் நிற்கிறது. ‘தூரம் நின்றுவிட்டது’ என்று பெண்கள் தங்களுக்குள் கூறிக்கொள்வது இதனையே. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டது எனக் கொள்ளலாம். இது நோயன்று, இயற்கையின் ஒழுங்கு. சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் குறைந்துபோவதே இதன் காரணம்.

இச்சுரப்புநீர் எலும்பு, இரத்தக் குழாய், தோல், சிறுநீர்ப்பாதை ஆகியவற்றையும் காத்து வந்தது. ஆதலால் அது குறையும்பொழுது உடல் முழுவதும் மாறுதல்கள் தோன்றுகின்றன. திடீரென முகத்திலும் மார்பிலும் அனல் பரவுதல், இரவில் வியர்த்தல், தூக்கமின்மை, மனச்சோர்வு, எளிதில் சினம் மூளுதல் முதலியன சிலருக்கு உண்டாகும். இவற்றைக் குடும்பத்தார் ‘குணம் மாறிவிட்டது’ என்று பழித்தல் தகாது. தொல்லை மிகுமானால் சிகிச்சை உண்டு. ஆனால் சுரப்புநீர் மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது.

மீண்டும் இரத்தம் கண்டால்

இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும், பின்வரும் ஒன்றை வாசகர்கள் மறத்தலாகாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘நின்றது திரும்பி வந்திருக்கிறது’ என்றும், ‘உடல் சூடு’ என்றும் சமாதானம் கூறிக்கொண்டு பல பெண்கள் மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர். அறுவடை முடியட்டும், பேத்தியின் காது குத்து முடியட்டும் என்று நாள் கடத்துகின்றனர். பலருக்கு இதன் காரணம் சாதாரணமானதாகவே இருக்கும். சிலருக்கோ அது கருப்பைப் புற்றுநோயின், அல்லது கருப்பை வாய்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். எது என்பதைப் பரிசோதனையால் அன்றி அறிய இயலாது. துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், தாம்பத்திய உறவுக்குப்பின் இரத்தம் காணுதல், மார்பில் கட்டி தென்படுதல் ஆகியவையும் இவ்வாறே உடனே காட்டத் தக்கவை.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒருநாளில் தோன்றுவதன்று. ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி நெடுநாள் தங்குவதால், பல ஆண்டுகளில் மெல்ல உருவாகிறது. அவ்விடைக்காலத்தில் கண்டுபிடித்தால் எளிய சிகிச்சையே போதும். இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியரே அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிச் சோதனை செய்தனர். சுமார் 31,000 பெண்கள் சோதிக்கப்பட்டனர். சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு, நடவாத ஊர்களைக் காட்டிலும் 35 சதவீதம் குறைந்ததென 2007இல் வெளியான முடிவுகள் காட்டின. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெண்கள் முன்வந்ததே பெரிது.

இச்சோதனையை முப்பது வயதிலிருந்தே செய்துகொள்ளுதல் நலம். மாதவிடாய் நின்றபின் நோய் தொடங்கும் பகுதி உள்ளே சுருங்கிவிடுவதால், அமிலச் சோதனையில் அது சரிவரப் புலப்படாது. அவ்வயதினருக்குக் கிருமியைக் கண்டறியும் ஹெச்.பி.வி. சோதனையோ, செல்களை எடுத்து ஆராயும் பாப் ஸ்மியர் சோதனையோ ஏற்றது. ஒருமுறையும் சோதித்துக்கொள்ளாத ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் ‘இனி எதற்கு’ என எண்ணாமல் முதலில் செல்ல வேண்டும்.

சிறுமியர்க்கு இக்கிருமிக்கு எதிரான தடுப்பூசி அளிக்கும் திட்டம் தமிழக அரசின் 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. முதற்கட்டத்திற்குக் குறிக்கப்பட்ட மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் இடம்பெற்றன. ஊசி பேத்தியைக் காக்கும். பாட்டியையும் தாயையும் காப்பது பரிசோதனையே.

எலும்பும் உணவும்

ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதல் சில ஆண்டுகளில் எலும்பின் வலிமை விரைந்து குறைகிறது. வலி எதுவும் தோன்றாமலே இது நிகழும். பின்னர் வரப்பில் வழுக்கியோ, குளியலறையில் தடுமாறியோ விழும்போது மணிக்கட்டும் இடுப்பும் முறிகின்றன. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி மீண்டும் எழுந்து நடமாடுதல் அரிது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. இதற்குக் கடைச் சரக்கை நாட வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராமும், ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராமும் உண்டு. முருங்கைக் கீரை, எள், தயிர், மோர் ஆகியனவும் கால்சியம் நிறைந்தவை. பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு, கறந்தவளுக்கு ஒரு தம்ளரும் மிஞ்சாத வீடுகள் இதனைச் சிந்திக்க வேண்டும். பயறு, பருப்பு, முட்டை முதலியன தசைக்கு வலுவூட்டும். வெயில் உடலில் வைட்டமின் டி சத்தை உண்டாக்கும். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதை விட்டொழித்தல் நன்று.

இருதயமும் இரத்த அழுத்தமும்

மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இருதய நோயின் அபாயம் பெருகுகிறது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் சத்தமின்றி வருபவை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்விரண்டையும் அளந்துகொள்ள வேண்டும். இதற்கெனவே 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டு, சோதனையும் மருந்தும் வீட்டு வாசலுக்கே வந்தன. கொடுத்த மாத்திரையை ‘இப்பொழுது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிறுத்திவிடுதல் ஆபத்தாகும்.

வெளியிற் கூறத் தயங்கும் துன்பங்கள்

இருமும்பொழுது சிறுநீர் கசிதல், கருப்பை கீழிறங்குதல், பிறப்புறுப்பு வறண்டு எரிதல் ஆகியவற்றைப் பெண்கள் கணவரிடமும் கூறுவதில்லை. கசிவுக்கு அஞ்சி, காட்டில் மறைவிடம் இல்லாமையால் நாள் முழுவதும் தண்ணீர் அருந்தாது வேலை செய்வோரும் உளர். அதனால் சிறுநீர்த் தொற்று மிகுகிறது. இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியும், தேவையானால் வளையம் பொருத்துதலும் நற்பயன் தரும். எல்லாவற்றுக்கும் கருப்பையை எடுத்துவிடுவதே வழி என்று கருதுதல் தவறு. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், உரிய வயதுக்கு முன்பே எலும்பும் இருதயமும் காப்பை இழக்கும். தேவையற்ற கருப்பை அறுவையைத் தடுக்க மத்திய அரசு 2022இல் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றை மாநிலங்கள் ஏற்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. ஆதலின் அறுவைக்கு இசையுமுன் இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் அறிதல் வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவதாக, கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசச் செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் தனியே கூடி, கிராம சுகாதார செவிலியரிடம் ஐயங்களைக் கேட்டறியலாம்.

இரண்டாவதாக, முப்பது வயதுக்கு மேற்பட்டு இன்னும் பரிசோதனை செய்துகொள்ளாத பெண்களின் பட்டியலைச் செவிலியர் உதவியோடு தயாரிக்கலாம். பருத்தி எடுப்பும் முந்திரிப் பருவமும் கழிந்த நாளாகப் பார்த்து முகாமைக் குறிக்க வேண்டும். கூலி இழந்து எவரும் வரமாட்டார். முகாமில் பெண் மருத்துவரோ செவிலியரோ இருத்தலும், மறைவான அறை அமைதலும் அவசியம்.

மூன்றாவதாக, மேற்சோதனைக்கு அனுப்பப்பட்ட பெண் உண்மையில் சென்றாளா என்று கவனிக்க வேண்டும். பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை உள்ளது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. வழி தெரியாமையும், துணைக்கு ஆளின்மையுமே பலரைத் தடுக்கின்றன. ஊராட்சி ஒரு துணையை ஏற்பாடு செய்தால் ஓர் உயிர் பிழைக்கலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன்பே ஒவ்வொரு குடும்பமும் பெற்றிருக்கச் செய்தலும் நன்று.

விவசாயப் பெருமக்களுக்கு ஒரு சொல். உழவு மாடு தீனி எடுக்கவில்லையென்றால் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். வீட்டிலுள்ள தாயும் மனைவியும் தாமாக நோயைச் சொல்லும்வரை காத்திருத்தல் ஆகாது. இன்றிரவே கேட்டறிந்து, வேண்டுமானால் நாளைக் காலை முதல் பேருந்தில் அவர்களை அழைத்துச் செல்வார்களாக.